நடமாடும் மின்சாரச் சாமான்களைச் சோதித்துச் சீட்டுக் கட்டுதல்: ஆஸ்திரேலியப் பண்ணைகளில் வழங்கும் விதிகள்

பண்ணையில் மின்சாரத்தால் இயங்கும் சாமான்களை இரு வகுப்பாகப் பிரிக்கலாம். சுவரிலும் கூரையிலும் நிலையாக அமைத்த கம்பிகள், விளக்குகள், கிணற்றில் இறக்கி நிறுத்திய பம்பு முதலியன ஒரு வகுப்பு. பிளக்கைச் சொருகியவுடன் வேலை செய்து, வேலை முடிந்தபின் ஒயரைச் சுருட்டி வேறிடத்துக்கு எடுத்துச் செல்லப்படுவன மற்றொரு வகுப்பு. முதல் வகுப்பை லைசென்ஸ் பெற்ற மின்சாரத் தொழிலாளர் அமைத்துச் சென்றபின் அதை எவரும் பெரும்பாலும் தொடுவதில்லை. இரண்டாம் வகுப்போ நாள்தோறும் பலர் கையில் புழங்குவது. அதன் ஒயர் தரையில் இழுபடுகின்றது, டிராக்டரின் சக்கரம் அதன்மேல் ஏறுகின்றது, வெயிலில் ரப்பர் வெடிக்கின்றது, எலி கடிக்கின்றது, மாட்டுச் சாணமும் உரத் தூளும் பூச்சி மருந்தும் அதன்மேல் படிகின்றன. மின்சாரத்தால் நேரும் விபத்துக்களைத் தடுக்க விதி வகுப்போர், இவ்விரண்டாம் வகுப்பின்மீது தனிக் கண் வைப்பதற்குக் காரணம் இதுவே.

ஆஸ்திரேலியா தேசத்தில் இவ்விஷயம் ஒரு தனிப் பழக்கமாகவே வேரூன்றியிருக்கின்றது. அங்குள்ள பட்டறைக்குச் சென்று பார்ப்பவர், டிரில், கிரைண்டர், வெல்டிங் யந்திரம், நீர் பீய்ச்சிக் கழுவும் பம்பு, நீட்டிப்பு ஒயர் ஆகிய ஒவ்வொன்றின் பிளக்குக்கு அருகிலும் ஒரு சிறு வர்ணச் சீட்டு சுற்றப்பட்டிருப்பதைக் காண்பார். சோதித்தவர் யார், சோதித்த தேதி யாது, மறு சோதனை எந்தத் தேதிக்குள் நடைபெற வேண்டும் என்பன அதில் எழுதப்பட்டிருக்கும். இப்பழக்கத்தின் கருத்தைக் குடியானவர்கள் அறிந்துகொள்வது பயனுடையது. அங்கு வழங்கும் மின்சாரமும் நம் நாட்டில் வழங்குவதும் 230 வோல்ட்டு, வினாடிக்கு 50 சுழற்சி என்ற ஒரே அளவுடையவை. அங்கே கொல்லும் பழுது இங்கேயும் கொல்லும்.

முதலில், ஒரு மனிதனைக் கொல்வதற்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும். ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லி ஆம்பியர் எனப்படும். சுமார் 10 மில்லி ஆம்பியர் கையின் வழியே பாயும்போது தசைகள் இறுகிப் போகின்றன. பிடித்த கருவியை விட நினைத்தாலும் விட முடிவதில்லை. 30 மில்லி ஆம்பியருக்கு மேற்பட்ட மின்சாரம் சிறிது நேரம் நெஞ்சின் வழியே ஓடினால் இருதயத்தின் ஒழுங்கான துடிப்பு குலைந்து, வெறும் நடுக்கமாக மாறிவிடக்கூடும். ஈரத்தரையில் வெறுங்காலுடன் நிற்பவனுடைய உடலின் தடை சுமார் 1,000 ஓம் என்று கொண்டால், 230 வோல்ட்டு அவன் உடலில் 230 மில்லி ஆம்பியரைச் செலுத்தும். ஆனால் அந்தப் பிளக்குக்குரிய பியூஸ் கம்பியோ 5 அல்லது 10 ஆம்பியர் தாங்கக்கூடியது. மனிதனைக் கொல்லும் மின்சாரத்தைப்போல் நாற்பது மடங்கு ஓடினாலும் 10 ஆம்பியர் பியூஸ் உடனே அறுபடாது. பியூஸ் ஒயரைத் தீயினின்று காப்பதற்கு ஏற்பட்டது. மனிதனைக் காப்பதற்கு ஏற்பட்டதன்று. இவ்வுண்மையை அறியாமல், “பியூஸ் இருக்கின்றதே” என்று நம்பி உயிர் இழந்தவர்கள் எல்லா நாடுகளிலும் உண்டு.

உலோக உடலுள்ள கருவிகளில் மனிதனைக் காப்பது எர்த்துக் கம்பி. உள்ளே மின்சாரக் கம்பி நழுவிக் கருவியின் உடலைத் தொட்டால், எர்த்துக் கம்பியின் வழியே மிகுந்த மின்சாரம் பாய்ந்து பியூஸை உடனே அறுத்துவிடும். இது நல்ல ஏற்பாடுதான். ஆயினும் இதில் ஒரு பெருங் குறை மறைந்திருக்கின்றது. எர்த்துக் கம்பி அறுந்துபோனாலும் கருவி முன்போலவே ஓடும். டிரில் சுழலும், பம்பு நீரை இறைக்கும், சத்தத்திலும் வேகத்திலும் அணுவளவும் வேற்றுமை தோன்றாது. ஆறு மாதமோ ஆறு வருஷமோ அந்நிலையில் வேலை செய்துகொண்டே இருக்கலாம். பிறகு ஒரு நாள் உள்ளே இரண்டாம் பழுது நேர்ந்து, மின்சாரம் உடலுக்கு ஏறும்போது, அதைப் பூமிக்குக் கொண்டு செல்ல வழியில்லை. கருவியைப் பிடித்திருப்பவனே வழியாகின்றான். ஆதலால், “நன்றாகத்தானே ஓடுகின்றது” என்னும் சாட்சியம் மின்சாரக் கருவி விஷயத்தில் செல்லாது. குறிப்பிட்ட தவணையில் சோதித்தே தீரவேண்டும் என்று விதி செய்வதற்கு இதைக் காட்டிலும் வலுவான நியாயம் வேறில்லை.

ஆஸ்திரேலியாவில் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டங்கள் முன்னர் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபட்டிருந்தன. அவற்றை ஒன்றுபடுத்தும் நோக்கத்துடன் 2011ஆம் வருஷத்தில் மாதிரி விதிகள் இயற்றப்பட்டன. நியூ ஸவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து முதலிய மாகாணங்கள் 2012ஆம் வருஷ ஆரம்பத்திலும், தெற்கு ஆஸ்திரேலியாவும் டாஸ்மேனியாவும் 2013ஆம் வருஷத்திலும், மேற்கு ஆஸ்திரேலியா 2022ஆம் வருஷத்திலும் இவற்றை அனுசரிக்கத் தொடங்கின. விக்டோரியா மாத்திரம் தன் சொந்தச் சட்டத்தையே வைத்துக்கொண்டிருக்கின்றது. பண்ணையும் இவ்விதிகளின்படி ஒரு தொழிலிடமே. கூலிக்கு ஆள் வைத்து வேலை வாங்கும் பண்ணைக்காரர், தொழிற்சாலை முதலாளியைப் போலவே இவ்விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்.

மாதிரி விதிகளில் 150ஆம் விதி மிகவும் கவனிக்கத்தக்கது. எல்லா மின்சாரச் சாமான்களையும் சோதிக்கவேண்டும் என்று அது சொல்லவில்லை. இரண்டு நிபந்தனைகளும் பொருந்தும் சாமான்களை மாத்திரமே அது குறிக்கின்றது. சாமான் பிளக்கின் மூலம் மின்சாரம் பெறுவதாய் இருக்க வேண்டும்; அன்றியும் ஈரம், உஷ்ணம், அதிர்ச்சி, அடிபடுதல், அரிக்கும் இரசாயனம், தூசி என்பவற்றுள் ஏதேனும் அதைச் சேதப்படுத்தவோ அதன் ஆயுளைக் குறைக்கவோ கூடிய இடத்தில் அது புழங்க வேண்டும். அத்தகைய சாமானைத் தகுதி வாய்ந்த ஒருவர் ஒழுங்காகப் பார்வையிட்டுச் சோதிக்கவேண்டும். மாட்டுக் கொட்டகையையும் பட்டறையையும் தானியக் களஞ்சியத்தையும் நினைத்துப் பார்த்தால், மேற்படி ஜாபிதாவில் ஒன்றும் விடாமல் எல்லாம் அங்கே இருப்பது விளங்கும். ஆனால் பண்ணைக் கணக்கர் தம் மேஜைமேல் வைத்திருக்கும் கம்ப்யூட்டருக்கு இவ்விதி பொருந்துவதாகச் சொல்ல முடியாது. கடைக்காரரும் காரியாலயத்தாரும் மேஜை விளக்கு முதல் தேநீர்க் கெண்டி வரை ஒவ்வொன்றுக்கும் வருஷந்தோறும் சீட்டுக் கட்டவேண்டியது சட்டம் என்று எண்ணுவது அங்கும் பரவலான தவறே. சோதனையைத் தொழிலாக நடத்துவோர் சிலருக்கு இத்தவறு இலாபமாகவும் இருக்கின்றது.

புதிதாக வாங்கி இன்னும் உபயோகத்துக்குக் கொண்டு வராத சாமானை முதல் உபயோகத்துக்கு முன் சோதிக்க வேண்டுவதில்லை. எனினும் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் வழியில் அடிபட்டதா என்று கண்ணால் பார்ப்பது அவசியம். பழைய சாமானை ஏலத்திலோ அயலாரிடமோ வாங்கினால் இச்சலுகை இல்லை.

எத்தனை மாதங்களுக்கு ஒரு முறை சோதிப்பது? மாதிரி விதி ‘ஒழுங்காக’ என்று மாத்திரம் கூறி, தவணையைக் குறிப்பிடாமல் விட்டது. தவணைக்கு ஆதாரமாய் இருப்பது, ஆஸ்திரேலியாவுக்கும் நியூஸீலந்துக்கும் பொதுவான 3760ஆம் எண்ணுள்ள தர நிர்ணயம். இதன் 2010ஆம் வருஷப் பதிப்பிலுள்ள அட்டவணையின்படி, தொழிற்சாலைகளிலும் பட்டறைகளிலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. ஒயர் அடிக்கடி வளைந்து இழுபடும் இடத்திலும் முரட்டுத்தனமாய்ப் புழங்கும் இடத்திலும் பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறை. அசையாமல் ஓரிடத்தில் பத்திரமாய் இருக்கும் சாமானுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை. வாடகைக்கு விடும் சாமானை மூன்று மாதத்துக்கு ஒரு முறை சோதிப்பதோடு, ஒவ்வொரு முறை கொடுக்கும்போதும் பார்வையிட வேண்டும். கட்டட வேலைக்கு 3012ஆம் எண்ணுள்ள வேறு நிர்ணயம் உண்டு; அங்கு மூன்று மாதமே தவணை. 3760 பின்னர் 2022ஆம் வருஷத்தில் மீண்டும் புதுப்பிக்கப்பட்டது. அபாயத்தை நேரில் ஆராய்ந்து தவணையைக் கூட்டவோ குறைக்கவோ இடமுண்டு. ஒரே பண்ணையிலும் பட்டறைக் கிரைண்டருக்கு ஆறு மாதமும், விருந்தினர் அறை மின்விசிறிக்கு ஐந்து வருஷமும் என்று தவணை வேறுபடலாம்.

இனிச் சோதனை செய்யும் முறையைப் பார்ப்போம். இதில் முதலாவதும் முக்கியமானதும் கண்ணால் பார்த்தலே. பழுதுகளில் பெரும்பான்மை யந்திரமொன்றும் இன்றிக் கண்ணுக்கும் விரலுக்கும் அகப்பட்டுவிடும். பிளக்கின் முள் வளைந்தோ கருகியோ இருக்கின்றதா, பிளக்கினுள் ஒயரின் வெளியுறை இறுக்கமாய்ப் பிடிக்கப்பட்டிருக்கின்றதா, உறை விலகி உள் வர்ணக் கம்பிகள் வெளியே தெரிகின்றனவா என்று பார்க்கவேண்டும். பிறகு ஒயரை முழுவதும் அவிழ்த்து, விரல்களுக்கிடையே மெதுவாக இழுத்துச் சென்றால் வெட்டும் நசுக்கலும் தட்டுப்படும். ஒயர் கருவிக்குள் நுழையும் இடத்திலே மிகுந்த கவனம் வேண்டும்; தினமும் வளைந்து வளைந்து கம்பி அறுபடுவது பெரும்பாலும் அங்கேதான். டேப்புச் சுற்றிய ஒட்டு எதுவும் இருந்தால் அந்த ஒயர் அப்பொழுதே தள்ளப்படும். டேப்பு நீரையும் தடுக்காது, இழுப்பையும் தாங்காது.

கண் பார்வையில் தேறிய சாமானுக்கே கருவிச் சோதனை. முதலில் எர்த்துத் தொடர்பு அளக்கப்படும். பிளக்கின் எர்த்து முள்ளுக்கும் கருவியின் உலோக உடலுக்கும் இடையே தடை 1 ஓமுக்கு மேற்படலாகாது. ஒயரை அங்கங்கே வளைத்து ஆட்டிக்கொண்டே அளப்பது நல்ல சோதனைக்காரரின் பழக்கம். அரைகுறையாய் அறுந்த கம்பி அசையாதபோது தொட்டுக்கொண்டும் அசையும்போது விட்டுக்கொண்டும் இருக்குமாதலால், அதை வேறு விதத்தில் பிடிக்க முடியாது. இரண்டாவது, உறையின் தடுப்புச் சக்தியை அறியும் சோதனை. 500 வோல்ட்டு நேர் மின்சாரத்தைச் செலுத்தி அளந்தால் தடை 1 மெக் ஓமுக்கு, அதாவது பத்து லட்சம் ஓமுக்கு, குறையலாகாது. இவ்வளவு தடையிருப்பின் 230 வோல்ட்டில் கசியக்கூடியது கால் மில்லி ஆம்பியருக்கும் குறைவே. அது கைக்குத் தெரியக்கூட மாட்டாது. இச்சோதனையின்போது கருவியின் சுவிட்சு போடப்பட்டிருக்க வேண்டும். சுவிட்சு திறந்திருந்தால் மோட்டாரை அளக்காமல் ஒயரை மாத்திரம் அளந்து, தேறிற்று என்று எழுதுவதாய் முடியும்.

பிளாஸ்டிக் உடலுள்ள அநேக கைக்கருவிகளில் எர்த்துக் கம்பியே இராது. இரட்டை உறையால் காக்கப்பட்ட இவற்றின்மேல், ஒரு சதுரத்துக்குள் மற்றொரு சதுரம் வரைந்த குறி காணப்படும். இவற்றுக்கு எர்த்துச் சோதனை இல்லை. உறைச் சோதனை மாத்திரமே. நீட்டிப்பு ஒயர்களுக்கோ இவ்விரண்டுடன், கம்பிகள் இடம் மாறாமல் இணைக்கப்பட்டிருக்கின்றனவா என்பதும் பார்க்கப்படும். பிளக்கை வீட்டிலேயே மாற்றிப் போட்ட ஒயர்களில் இந்த இடமாற்றம் சாதாரணமாய்க் காணப்படுகின்றது. மின்சாரக் கம்பியும் எர்த்துக் கம்பியும் இடம் மாறிவிட்டாலோ, சொருகிய மாத்திரத்தில் கருவியின் உடல் முழுவதும் 230 வோல்ட்டு ஏறிவிடும்.

தேறிய சாமானுக்குச் சீட்டுக் கட்டப்படுகின்றது. சோதித்தவர் பெயர், தேதி, முடிவு, மறு சோதனைக்குரிய தேதி ஆகிய நான்கும் பதிவில் இருக்கவேண்டும் என்று மாதிரி விதி கூறுகின்றது. அப்பதிவு சீட்டு வடிவிலேயே இருக்கலாம். மறு சோதனை வரையிலோ, சாமான் நிரந்தரமாய் விலக்கப்படும் வரையிலோ அதை வைத்திருக்க வேண்டும். கட்டட வேலைகளில் காலாண்டுக்கு ஒரு வர்ணம் வழக்கம்: டிஸம்பர் முதல் பிப்ரவரி வரை சிவப்பு, மார்ச்சு முதல் மே வரை பச்சை, ஜூன் முதல் ஆகஸ்டு வரை நீலம், ஸெப்டம்பர் முதல் நவம்பர் வரை மஞ்சள். மேஸ்திரி பத்தடி தூரத்திலிருந்தே காலங் கடந்த ஒயரைக் கண்டுகொள்ளலாம். சிவப்பு என்றால் அபாயம் என்று பழகிய கண்ணுக்கு, கோடைக் காலாண்டில் தேறிய சாமானிலும் சிவப்புச் சீட்டுத் தொங்குவது சற்றுக் குழப்பமே. வர்ணத்தை மாத்திரம் நம்பாமல் எழுத்தையும் படிக்கவேண்டும்.

சீட்டைப் பற்றி வேறொன்றும் சொல்லவேண்டியிருக்கின்றது. அது ஒரு தேதியன்று சாமான் நன்றாயிருந்தது என்பதற்கு மாத்திரமே சாட்சி. மறுநாள் காலையில் கலப்பைக் கொழு அவ்வொயரின்மேல் விழுந்தால் சீட்டு அதை அறியாது. சீட்டு இருக்கின்றதென்று ஒயரைப் பாராமல் சொருகுகிறவன், சீட்டே இல்லாத பண்ணையில் ஒயரைப் பார்த்துச் சொருகுகிறவனைவிட அதிக அபாயத்தில் இருக்கின்றான். சீட்டொன்றுக்கு இவ்வளவு என்று கூலி பேசும் இடங்களில், சோதிக்காமலே சீட்டுக் கட்டிச் செல்ல ஆசை உண்டாவதும் இயல்பு. ஒரு மணி நேரத்தில் நூறு சாமான்களைச் ‘சோதித்து’ முடித்தவரிடம், ஒயர்களை அவிழ்த்துப் பார்க்க நேரம் எப்படிக் கிடைத்தது என்று கேட்பது பண்ணைக்காரரின் உரிமை.

சோதிப்பவர் லைசென்ஸ் பெற்ற மின்சாரத் தொழிலாளராகவே இருக்கவேண்டும் என்பது பொதுவான நிபந்தனையன்று. பயிற்சியும் அனுபவமும் பெற்றுத் தகுதியடைந்தவராய் இருத்தலே வேண்டுவது. தேறிற்று, தேறவில்லை என்று விளக்குக் காட்டும் சோதனைப் பெட்டிகள் கிடைப்பதால், பண்ணையாளே குறுகிய பயிற்சி பெற்று இவ்வேலையைச் செய்யலாம். அளவுகளைப் படித்துப் பொருள் காண்பதற்கும் பழுதைச் சரிசெய்வதற்கும் மாத்திரம் மேற்பட்ட அறிவு வேண்டும்.

சோதனைத் தவணைகளுக்கு இடையே நேரும் பழுதுக்குக் காவலாய் இருப்பது, ஆர்.ஸி.டி. எனப்படும் கசிவுக் காவல் சுவிட்சு. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாயிருக்கின்றனவா என்று அது இடைவிடாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவு வேற்றுமை கண்டால் இணைப்பைத் துண்டித்துவிடும். சோதனையில் 300 மில்லி வினாடிக்குள் துண்டிக்க வேண்டும் என்பது 3760 வகுத்த எல்லை. நல்ல சுவிட்சு அதனினும் மிக விரைவாகவே துண்டிக்கும். 150ஆம் விதியில் கூறிய கடினமான இடங்களில் பிளக்கு மூலம் இயங்கும் சாமான்களுக்கு இக்காவல் இருக்கவேண்டும் என்று 164ஆம் விதி கட்டளையிடுகின்றது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்ப்பது உபயோகிப்பவரின் கடமை. பல வருஷம் அசையாமல் கிடந்த சுவிட்சு உள்ளே இறுகிப்போய், வேண்டிய தருணத்தில் விழாமல் போகலாம். ஒரு கையில் மின்சாரக் கம்பியையும் மறு கையில் திரும்பும் கம்பியையும் தொடுபவனை இது காப்பாற்றாது. அவ்விடத்தில் போவதும் வருவதும் சமமாகவே இருக்குமாதலால் சுவிட்சுக்கு ஒன்றும் தெரியாது.

இங்கிலாந்து வேறு வழியில் சென்றது. 1989ஆம் வருஷத்து மின்சார வேலை விதிகள், சாதனங்களை அபாயமின்றிப் பராமரிக்க வேண்டும் என்று சொல்லி, சோதனை முறையையும் சீட்டையும் குறிப்பிடாமல் விட்டன. ஆனால் கட்டட வேலைகளில் 110 வோல்ட்டு டிரான்ஸ்பார்மரை வைத்து, அதன் நடுவை எர்த்து செய்துவிடுவது அங்கு வழக்கம். அதனால் எந்தக் கம்பியைத் தொட்டாலும் பூமிக்கு 55 வோல்ட்டுக்கு மேல் இராது. சோதனையை நம்புவதைவிட அபாயத்தின் அளவையே குறைத்துவிடுவது உயர்ந்த முறை என்பதில் ஐயமில்லை. பண்ணை வேலைக்கு ஒவ்வொரு இடத்துக்கும் கனமான டிரான்ஸ்பார்மரைத் தூக்கிச் செல்வதுதான் கஷ்டம்.

நம் கிராமங்களில் தட்டை நறுக்கும் யந்திரம், ஓடையிலிருந்து நீர் இறைக்க எடுத்துச் செல்லும் சிறு பம்பு, தானியம் தூற்றும் விசிறி, களத்து மேட்டுக்கு இழுக்கும் விளக்கு ஆகியவையே இவ்வகுப்பைச் சேர்ந்தவை. மூன்று முள் பிளக்கில் எர்த்து முள் மற்ற இரண்டையும்விட நீளமாகவும் தடித்தும் இருப்பது, அது முதலில் தொட்டுக் கடைசியில் விலக வேண்டும் என்பதற்காகவே. அதை ஒடித்துவிட்டு இரண்டு துளைச் சாக்கெட்டில் சொருகுவதும், பிளக்கே இல்லாமல் ஒயர் நுனிகளைச் சாக்கெட்டுத் துளைகளில் வைத்துத் தீக்குச்சியால் அடைப்பதும் பல இடங்களில் காணப்படும் பழக்கங்கள். இவற்றுக்கு எவ்விதச் சோதனையும் வேண்டுவதில்லை, பார்த்தவுடன் நீக்கவேண்டியவை. மற்றவற்றை மழைக்காலம் தொடங்குமுன் ஒரு நாள் வெளியே எடுத்துப் பரப்பி, ஒயர்களை அவிழ்த்துத் தடவிப் பார்த்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் சாமானின் பெயரும் தேதியும் கண்டதும் எழுதி வைக்கலாம். அன்றே மின்சாரத் தொழிலாளரை வரவழைத்து எர்த்தையும் உறையையும் மெக்கரால் அளக்கச் செய்தால், எல்லாம் அரைநாள் வேலைக்குள் அடங்கும்.

தேறாத சாமானை என்ன செய்வது என்பதிலும் ஆஸ்திரேலிய விதி தெளிவாயிருக்கின்றது. அபாயமுள்ள சாமானை உடனே இணைப்பினின்று விலக்கி, பழுது பார்த்தோ சோதித்தோ நல்லதென்று கண்டபின்னரன்றி மறுபடி இணைக்கலாகாது. பழுது பார்க்கப் போகும் சாமானுக்கு உபயோகிக்கலாகாது என்ற சீட்டு. பழுது பார்க்கத் தகாத ஒயராயின், குப்பையில் போடுமுன் பிளக்கை ஒயரோடு ஒட்ட வெட்டி எடுத்துவிடுவது அங்குள்ள அனுபவசாலிகளின் வழக்கம். முழுதாய்ப் போட்ட ஒயரை, அவசர வேலை வந்த ஒரு மாலையில், வேறொருவர் குப்பையிலிருந்து எடுத்துச் சொருகிவிடக்கூடும்.